அவுரி பூத்துவிட்டது, இனி என்ன செய்வது?

வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: “அண்ணாச்சி, புரட்டாசிக் கடைசியில் வீட்டுக்குப் பின்னால் அவுரி விதை போட்டேன். பன்னிரண்டு செடி நிக்கி. மார்கழி பிறந்ததும் மஞ்சளாப் பூக்க ஆரம்பிச்சிட்டு. பூவை விடலாமா, கிள்ளணுமா? இலையை எப்போ பறிக்க, எப்படிக் காய வைக்க? அம்மாவுக்கு மலச்சிக்கல் ரொம்ப நாளா உண்டு, அதுக்காகத்தான் வளர்த்தேன்.”

சரியான நேரத்தில் கேட்டிருக்கிறீர்கள் தம்பி. பத்து நாள் தாமதித்திருந்தால் பாதிச் செடி காய் பிடித்திருக்கும், நான் சொல்வதில் பாதி வீணாகியிருக்கும். எங்கள் அப்பா திசையன்விளைப் பக்கம் செம்மண் காட்டில் மானாவாரியாக அவுரி போட்டவர். நான் இலை உருவி வளர்ந்தவன். இப்போது பாளையங்கோட்டையில் வீட்டுத் தோட்டத்தில் இருபது செடிக்குக் குறையாமல் வைத்திருக்கிறேன். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்.

முதலில், உங்களிடம் இருப்பது எந்த அவுரி என்று பார்த்துக்கொள்ளுங்கள். இது சின்ன விஷயமில்லை. நம் பக்கத்தில் அவுரி என்று சொன்னால் விவசாயிக்கு ஒரு செடி, தலைக்குச் சாயம் போடுகிறவர்களுக்கு வேறொரு செடி. நீலச்சாயம் எடுக்கிற அவுரி வேறு, அதன் பூ சின்னதாக, ரோஸ் நிறத்தில் இருக்கும். திருநெல்வேலி, தூத்துக்குடிக் காடுகளில் விளைந்து கப்பல் ஏறுவது நிலாவாரை அல்லது நிலவாகை என்று சித்த மருத்துவர்கள் சொல்கிற செடி. பூ நல்ல மஞ்சள், ஐந்து இதழ். ஓர் ஈர்க்கில் ஐந்து முதல் எட்டு ஜோடி இலை, ஒவ்வொன்றும் ஒடுங்கி, நுனி கூராக இருக்கும். காய் தட்டையாக, பட்டைபோல, லேசாக வளைந்து தொங்கும். ஆவாரையும் மஞ்சளாகத்தான் பூக்கும், ஆனால் அதன் இலை நுனி மழுங்கியிருக்கும், இலைக்காம்பின் அடியில் காது மாதிரி ஒரு சிறு இலை ஒட்டிக்கொண்டிருக்கும். உங்கள் செடியில் அந்தக் காது இல்லை, நுனி கூர் என்றால் அது நிலாவாரைதான். இரண்டு படம் எடுத்து, விவரம் தெரிந்தவர் ஒருவரிடம் காட்டிவிட்டு மேற்கொண்டு போங்கள். வாயில் போடுகிற பொருள் இது.

இந்தச் செடிக்கு உலகச் சந்தையில் நம் ஊர்ப் பேர்தான் என்பது உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. சென்னா என்று வெளிநாட்டில் விற்கிற மருந்தில் இரண்டு வகை உண்டு. எகிப்து, சூடான் பக்கத்திலிருந்து போவது அலெக்சாண்டிரியா சென்னா. நம் பக்கத்திலிருந்து போவது திருநெல்வேலி சென்னா. பிரிட்டிஷ் பார்மகோப்பியா என்கிற மருந்துத் தர நூலிலேயே அந்தப் பேரில்தான் காய் குறிக்கப்பட்டிருக்கிறது. செடியின் பூர்வீகம் அரபு நாடும் அதற்கு எதிர்க்கரையிலுள்ள ஆப்பிரிக்காவும். ஆனால் நம் செம்மண்ணும் கரிசலும் வெயிலும் அதற்கு அப்படி ஒத்துக்கொண்டன. 1986 வரை தூத்துக்குடியும் திருநெல்வேலி மாவட்டத்துக்குள் இருந்ததால், சாத்தான்குளத்தில் விளைந்தாலும் விளாத்திகுளத்தில் விளைந்தாலும் மூட்டையில் பேர் ஒன்றுதான். குஜராத்தில் ஆனந்த் என்ற ஊரில் உருவாக்கிய ரகத்துக்குக்கூட ‘ஆனந்த் லேட் பிளவரிங் திருநெல்வேலி’ என்றுதான் பேர். வீட்டுக்குப் பின்னால் அதை வளர்க்கிறீர்கள் என்பதில் எனக்கு உண்மையிலேயே சந்தோஷம்.

அந்த ரகத்தின் பேரிலேயே உங்கள் முதல் கேள்விக்குப் பதில் இருக்கிறது. தாமதமாகப் பூக்கிற செடியை ஏன் தேடி உருவாக்கினார்கள்? அவுரியில் பூ வந்துவிட்டால் இலை நின்றுவிடும். செடி தன் சத்தையெல்லாம் பூவுக்கும் காய்க்கும் திருப்பிவிடும். விதைத்து 60 நாளுக்கு மேல் ஆனதும் இலைக்கக்கத்திலிருந்து பூந்தண்டு நீளும். அது நீண்டபின் புது இலை சிறுத்து, பழைய இலை மஞ்சளித்து விழ ஆரம்பிக்கும். அதனால் இலை வேண்டுமென்றால் பூவைக் கிள்ளத்தான் வேண்டும். முதல் பூந்தண்டு மொட்டாக இருக்கும்போதே அடியோடு கிள்ளிவிடுங்கள். கத்தரிக்கோல் வேண்டாம், நகமே போதும். கிள்ளிய இடத்துக்குக் கீழே இரண்டு மூன்று பக்கக்கிளை வெடிக்கும். செடி உயரமாகப் போகாமல் புதர் மாதிரி அகலும். அப்படி அகன்ற செடிதான் இலை கொடுக்கும்.

எல்லாச் செடியையும் கிள்ளிவிடாதீர்கள். பன்னிரண்டில் நல்ல திடமான மூன்று செடியைக் காய்க்காக விடுங்கள். காயிலும் மருந்து உண்டு, இலையைவிடச் சற்று மென்மையாக வேலை செய்கிறது என்று பலரும் காயைத்தான் விரும்புவார்கள். விதையும் வேண்டும். எந்த மூன்று என்பதை இப்போதே முடிவு செய்து, கம்பில் ஒரு துணி கட்டி வையுங்கள். கிள்ளுகிற வேகத்தில் மறந்துபோகும்.

விட்ட செடிகளில் காலையில் போய் நின்று பாருங்கள். பெரிய கருவண்டு வந்து பூவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ‘ர்ர்ர்’ என்று உறுமும். இந்தப் பூவில் தேன் கிடையாது. மகரந்தப் பையின் நுனியில் சிறு துளை மட்டும்தான், அதைக் குலுக்கினால்தான் பொடி கொட்டும். வண்டு தன் உடம்பை அதிரவைத்து அந்தப் பொடியை எடுக்கிறது. காய் பிடிப்பது அந்த வண்டால்தான். அதனால் பூ இருக்கிற நாட்களில் பூச்சிமருந்து எதுவும் அடிக்க வேண்டாம்.

பூச்சி வருமே என்பீர்கள். வரும். வெளிர்பச்சை கலந்த வெள்ளைப் பட்டாம்பூச்சி ஒன்று செடியைச் சுற்றிச் சுற்றிப் பறந்தால், நாலு நாளில் இலையின் நிறத்திலேயே பச்சைப் புழு இருக்கும். பன்னிரண்டு செடிக்கு மருந்தே தேவையில்லை. காலையில் இலையைத் திருப்பிப் பார்த்துக் கையால் எடுத்துவிடலாம். மிஞ்சிப்போனால், கிள்ளிய செடிகளுக்கு மட்டும், 50 கிராம் வேப்பங்கொட்டையை இடித்து ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு ஊறவைத்து வடிகட்டி, கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்துச் சாயங்காலம் தெளியுங்கள். தெளித்தபின் பத்து நாளாவது கழித்துத்தான் இலை பறிக்க வேண்டும். ஆடு மாட்டைப் பற்றிக் கவலை இல்லை. எங்கள் காட்டுக்கு வேலியே கிடையாது, ஆடு முகர்ந்து பார்த்துவிட்டு நடந்துவிடும்.

தண்ணீர்தான் இந்தச் செடிக்கு எமன். பூக்கிற சமயத்தில் ‘பூ விடுதே, பாவம்’ என்று தினமும் ஊற்றுகிறவர்கள் உண்டு. வேண்டாம். மேல்மண் நன்றாக உலர்ந்தபிறகு ஊற்றினால் போதும். தரையில் வைத்த செடிக்கு மார்கழியில் வாரம் ஒருமுறை, அதுவும் மழை இல்லாவிட்டால். வேர் இரண்டு நாள் தண்ணீரில் நின்றால் அடித்தண்டு கறுத்து அழுகிவிடும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நம் பக்கம் கொட்டித் தீர்த்ததே, காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல், அந்த மழையில் என் தோட்டத்துத் தாழ்ந்த பாத்தியில் நின்ற பதினான்கு செடியும் போய்விட்டன. சுவர் ஓரம் மண் அணைத்து மேடாக்கி வைத்திருந்த ஆறு செடி மட்டும் தப்பியது. அன்றிலிருந்து மேட்டுப்பாத்தி இல்லாமல் நான் வைப்பதில்லை. உங்கள் செடி சமதரையில் இருந்தால் இன்றைக்கே இரண்டு பக்கமும் ஒரு சாண் வாய்க்கால் இழுத்து, அந்த மண்ணை அடியில் அணைத்துவிடுங்கள். எரு விஷயத்தில் ஒன்று: பயறு, உளுந்து மாதிரி காய்க்கிறதே, காற்றிலிருந்து தழைச்சத்தைத் தானே எடுத்துக்கொள்ளும் என்று நினைக்கக் கூடாது. இதன் வேரில் அந்த முடிச்சு வராது. ஒவ்வொரு முறை இலை பறித்தபின்னும் செடிக்கு ஒரு கை மக்கிய சாணி எரு போட்டால் அடுத்த துளிர் நன்றாக வரும்.

இனி பறிப்பு. பூ கிள்ளிய இரண்டு வாரத்தில் இலை தடிக்கும். பச்சை நிறத்தில் லேசாக நீலம் கலந்த ஒரு மங்கல் தெரியும், விரலுக்கு நடுவே பிடித்தால் தோல் மாதிரி இருக்கும். அதுதான் பக்குவம். வெளிர்பச்சையாக மெத்தென்று இருந்தால் பிஞ்சு, மஞ்சள் விழுந்திருந்தால் முற்றல். காலையில் பனி உலர்ந்து, ஒன்பது ஒன்பதரைக்கு மேல் பறியுங்கள். ஈரத்தோடு பறித்த இலை காய்வதற்குள் கறுத்துவிடும். மழை பெய்த மறுநாளும் பறிக்காதீர்கள். ஒரு கையால் கிளையைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் ஈர்க்கோடு சேர்த்துப் பறிக்க வேண்டும். உருவும்போது பட்டை கிழிந்தால் அந்தக் கிளை துளிர்க்காது. நுனியில் மூன்றில் ஒரு பங்கு இலையை விட்டுவிடுங்கள். அடுத்த முறை ஏறக்குறைய ஒரு மாதம் கழித்து, மூன்றாவது முறை மாசிக் கடைசியில் செடியோடு பிடுங்கி முடித்துவிடலாம். காட்டில் நாங்கள் செய்கிற கணக்கும் இதுதான்.

பறிக்கிறவரை செடியின் வேலை. அதற்கப்புறம்தான் மருந்து உண்டாகிறது என்று நான் சொன்னால் நம்ப வேண்டும். அவுரியில் பேதிக்குக் காரணமான பொருளுக்குச் சென்னோசைடு என்று பேர். பச்சை இலையில் அது முழு வடிவில் இருப்பதில்லை. அதன் பாதித்துண்டுகள்தான் இருக்கும். இலை மெதுவாகக் காயும்போது, அதிலுள்ள நொதிகள் அந்தத் துண்டுகளை இரண்டிரண்டாகச் சேர்த்துச் சென்னோசைடு ஆக்குகின்றன. 20 முதல் 50 டிகிரி வெப்பம் அதற்குத் தோது. அதிகச் சூடு கண்டால் நொதி செத்துவிடும், வெயில் பட்டால் நிறமும் போகும், சத்தும் போகும். பச்சை இலையைப் பறித்து அப்படியே கஷாயம் வைக்கிறவர்களுக்கு வயிறு முறுக்கி வாந்தி வருவதற்கும் இந்தப் பக்குவம் ஆகாத பொருள்தான் காரணம். அதனால் உங்கள் அம்மாவுக்குப் பச்சை இலை ஒன்றுகூட வேண்டாம்.

எங்கள் வீட்டில் ஒரு வருடம் நான் செய்த தப்பு இன்னும் மனதில் இருக்கிறது. கல்லூரி முடித்து வந்த புதிது. அப்பா நிழலில் பத்து நாள் காய வைப்பதைப் பார்த்து எனக்குப் பொறுமை இல்லை. அவர் வெளியூர் போயிருந்த சமயம் முழுப் பறிப்பையும் தட்டட்டியில், அதாவது மொட்டை மாடியில் கொட்டி, நேர் வெயிலில் இரண்டே நாளில் மொறுமொறு என்று காயவைத்தேன். வைக்கோல் நிறத்தில் வந்தது. வியாபாரி ஒரு கை அள்ளிப் பார்த்தார், முகர்ந்தார், சாக்கிலேயே திருப்பிப் போட்டுவிட்டார். அப்பா ஒரு வார்த்தை திட்டவில்லை. அடுத்த பறிப்புக்கு என்னைத் தார்சாவில், அதாவது வீட்டுத் தாழ்வாரத்தில் உட்காரவைத்துத் தினமும் இரண்டு வேளை இலையைப் புரட்டச் சொன்னார். காலையில் என்ன நிறம், சாயங்காலம் என்ன நிறம் என்று கேட்பார், அவ்வளவுதான். பத்தாம் நாள் அந்த இலை இளம்பச்சையில் லேசாக மஞ்சள் கலந்து, கிளி இறகு மாதிரி இருந்தது. அந்த நிறத்தை நான் மறக்கவில்லை.

உங்கள் வீட்டில் தார்சா இருந்தால் அதுவே போதும். இல்லாவிட்டால் வெயில் நேரே விழாத, காற்று ஓடுகிற எந்த அறையும் சரி. கீழே பழைய பருத்திச் சேலை அல்லது பனை ஓலைப் பாய் விரியுங்கள். தார்ப்பாயில் அடியில் வியர்த்துக் கறுக்கும். நார்க்கட்டில் மேல் துணி விரித்துப் போட்டால் இன்னும் நல்லது, கீழிருந்தும் காற்று வரும். இலைமேல் இலை குவியக் கூடாது, தரை தெரிகிற அளவுக்குப் பரப்ப வேண்டும். முதல் மூன்று நாள்தான் ஆபத்தான நாள். ஈரம் உள்ளே இருக்கும், குவிந்த இடத்தில் கைவைத்தால் சூடு தெரியும், அப்படித் தெரிந்தால் உடனே கலைத்துவிடுங்கள். காலை ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை கையால் தூக்கிப் புரட்டுங்கள். வாரியலால் தள்ளினால் இலை நொறுங்கும். மார்கழிப் பனி இலைக்குள் திரும்ப ஏறும், அதனால் ராத்திரி சன்னலைச் சாத்திவிட்டு மின்விசிறியைச் சின்னதாக ஓடவிடுங்கள். ஏழு முதல் பத்து நாள். ஈர்க்கை வளைத்தால் ‘டக்’ என்று ஒடிய வேண்டும், இலையைக் கசக்கினால் சரசரக்க வேண்டும். இலை மட்டும் ஒடிந்து ஈர்க்கு வளைந்தால் இன்னும் இரண்டு நாள்.

காய்ந்த இலையை ஈர்க்கிலிருந்து உதிர்த்து, சொளகில் போட்டுப் புடைத்துக் குச்சியையும் மண்ணையும் நீக்குங்கள். அப்போது மூக்கையும் வாயையும் துண்டால் கட்டிக்கொள்ள வேண்டும். இந்தத் தூசி சிலருக்குத் தும்மலும் இளைப்பும் கொண்டுவரும். இலைக்கிடங்கில் வருடக்கணக்கில் வேலை செய்து ஆஸ்துமா வந்தவர்கள் உண்டு. வீட்டில் இளைப்பு உள்ளவர் இருந்தால் அந்த வேலையை வெளியே வைத்துக்கொள்ளுங்கள். பிறகு எவர்சில்வர் தூக்கிலோ, வெளிச்சம் புகாத கண்ணாடிச் சாடியிலோ போட்டு இறுக மூடிவிடலாம். முதல் வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள் திறந்து முகர்ந்து பாருங்கள். வைக்கோல் வாசமும் லேசான கசப்பு வாசமும் வந்தால் சரி. பூஞ்சை வாடை வந்தால் மனம் இரங்காமல் எருக்குழியில் கொட்டிவிடுங்கள். தேதி எழுதி ஒட்டி, ஒரு வருடத்துக்குள் தீர்த்துவிட வேண்டும்.

காய்க்கு விட்ட மூன்று செடியில், பச்சை மங்கி மஞ்சளும் பழுப்பும் படரும்போது பறியுங்கள். முழுக்கக் கறுத்து வெடிக்கிறவரை விட்டால் விதை தரையில் கொட்டும். காய் ஒன்றரை முதல் இரண்டு அங்குல நீளம் இருக்கும். மருந்து விதையில் இல்லை, மேல்தோட்டில்தான். காய் இலையைவிடத் தடிப்பு, அதனால் காலை இளவெயில் காட்டுவதில் தப்பில்லை. பத்து நாள் கழித்து நெத்து குலுங்கினால் எடுத்து வைக்கலாம்.

இப்போது அம்மா விஷயம். இதில் மட்டும் நான் சொல்வதை வரிக்கு வரி கேளுங்கள். தரமான காய்ந்த இலை ஒரு கிராமில் ஏறக்குறைய 25 மில்லிகிராம் சென்னோசைடு இருக்கும். பெரியவர்களுக்கு ஒருநாளைக்கு வழக்கமாகக் கொடுப்பது 15 முதல் 30 மில்லிகிராம். அதாவது அரை கிராமுக்குச் சற்று மேல் தொடங்கி ஒரு கிராமுக்குச் சற்று மேல் வரை. பிடி கணக்கோ கை கணக்கோ இதற்கு ஆகாது, நகைக்கடைத் தராசு மாதிரிச் சின்ன எடைக்கருவி ஒன்று வாங்கிவிடுங்கள். உங்கள் செடியில் எவ்வளவு இருக்கிறது என்று யாரும் அளந்து பார்க்கவில்லை, அதனால் குறைவான அளவில்தான் தொடங்க வேண்டும். இந்தப் பொருள் இரைப்பையிலோ சிறுகுடலிலோ வேலை செய்யாது. பெருங்குடலுக்குப் போய், அங்குள்ள நுண்ணுயிர்கள் உடைத்தபிறகுதான் குடல் அசையும். அதற்கு 6 முதல் 12 மணி நேரம் ஆகும். ராத்திரி படுக்கும்போது குடித்தால் காலையில் போகும். பத்து மணிக்குக் கொடுத்துவிட்டுப் பன்னிரண்டு மணிக்கு ‘ஒன்றும் நடக்கவில்லையே’ என்று இன்னொரு டம்ளர் கொடுத்தவர்கள்தான் மறுநாள் ஆஸ்பத்திரி வாசலில் நிற்பார்கள். சிறுநீர் கொஞ்சம் சிவந்தோ மஞ்சளாகவோ போனால் பயப்பட வேண்டாம், அது இலையின் நிறம்.

ஒரு வாரத்துக்கு மேல் தொடர்ந்து கொடுக்காதீர்கள். தினமும் குடித்தால் உடம்பிலுள்ள பொட்டாசியம் இறங்கும், தசை சோரும், இதயத் துடிப்பும் தடம் மாறலாம். அம்மா இரத்த அழுத்தத்துக்கு நீர் பிரிகிற மாத்திரை சாப்பிடுகிறவரா, இதயத்துக்கு டிகாக்சின் சாப்பிடுகிறவரா என்று பாருங்கள். அப்படியென்றால் மருத்துவரைக் கேட்காமல் ஒரு சிட்டிகைகூட வேண்டாம். காரணம் தெரியாத வயிற்றுவலி, குடல் அடைப்பு, குடல்புண் உள்ளவர்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும், பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும் இது ஆகாது. வயதானவர்களுக்குத் திடீரென்று மலச்சிக்கல் கூடியிருந்தாலோ, மலத்தில் இரத்தம் தெரிந்தாலோ, இலையைத் தொடாமல் முதலில் காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். பாளையங்கோட்டையில் 1964 முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி நடக்கிறது, அங்கே மருத்துவமனையும் உண்டு. நிலவாகைச் சூரணம் அவர்கள் அன்றாடம் கையாளுகிற மருந்து. உங்கள் இலையையும் அம்மாவின் மாத்திரைச் சீட்டுகளையும் ஒன்றாகக் கொண்டுபோய்க் காட்டுங்கள். வள்ளியூரிலிருந்து பஸ்ஸில் ஒரு காலைப்பொழுது வேலைதான்.

அவர்கள் சரி என்று சொன்னபிறகு, இலையைக் கொதிக்கவிட வேண்டாம். அளந்த இலையை அல்லது விதை நீக்கிய காயைச் சாயங்காலமே ஆறிய தண்ணீரில் ஊறவைத்து, படுக்கும்போது வடிகட்டிக் கொடுத்தால் முறுக்கல் குறைவாக இருக்கும். கூடவே ஒரு துண்டு சுக்கு தட்டிப்போடுவது எங்கள் ஆச்சி வழக்கம்.

விதைக்கு மட்டும் ஒரு வார்த்தை. மூன்று செடியில் எது கடைசியாகப் பூத்ததோ அதன் நெத்தைத் தனியாக எடுத்து வையுங்கள், அதன் பிள்ளைகளும் தாமதமாகப் பூக்க வாய்ப்பு உண்டு. கிள்ளிகுளம் வேளாண் கல்லூரி வெளியிட்ட கே.கே.எம். 1 ரக விதை கிடைத்தால் அதையும் கொஞ்சம் வாங்கிக் கலந்து போடலாம். அவுரி விதையின் தோல் கல் மாதிரி. அடுத்த புரட்டாசியில் ஆற்றுமணலோடு சேர்த்து இரண்டு கைக்கும் நடுவே நன்றாகத் தேய்த்து, ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறவைத்து, ஒன்றரை அடிக்கு ஓர் வரிசை, வரிசைக்குள் ஓர் அடிக்கு ஒரு குழி என்று, மேட்டுப்பாத்தியில் போடுங்கள்.